ஆடும் பின்சில்லு
மவுண்டன் பைக்கின் பின்மூட்டைப் புதுப்பித்தல்

எமது கிராமங்களில் இப்பொழுது இரண்டு வகைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஒன்று, அப்பப்பா காலத்திலிருந்து நாம் அறிந்த, கரியரும் மட்காட்டும் பூட்டிய உயரமான சைக்கிள். மற்றது, தடித்த ரயரும், ஆசனத்தின் கீழே ஒரு பெரிய ஸ்பிறிங்கும் கொண்ட மவுண்டன் பைக். பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகப் பெற்றோர் கடன்பட்டாவது வாங்கிக் கொடுத்த சைக்கிள் இது. சில காலம் ஓடியபின் பின்சில்லு ஆடத் தொடங்கும். “இனி இது சரிவராது” என்று சொல்லிக் கொட்டிலின் மூலையில் சாத்திவிடுவார்கள்.

2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களில், மூலையில் கிடந்த இந்தச் சைக்கிள்களும் தூசு தட்டப்பட்டு வெளியே வந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவாகியது. வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகங்களின் விலையும் அப்படியே ஏறியது. ஆடுகின்ற பின்சில்லுடனேயே பலர் ஓடினார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் ஓடினார்கள்.

அந்த நாட்களில் நாம் விட்ட பிழை ஒன்றைச் சொல்லிவிட்டே பாடத்துக்குள் போகவேண்டும். உயர்தர வகுப்புக்குச் சென்று கொண்டிருந்த ஒரு மகளின் சைக்கிளை அவரது தகப்பனார் எம்மிடம் கொண்டுவந்தார். பின்சில்லு இரண்டு பக்கமும் ஆடியது. நாம் குனிந்து பார்த்துவிட்டு, “போல்ற் இளகியிருக்கிறது அண்ணை, நல்லாய் இறுக்கிவிடுங்கோ” என்றோம். அவர் வீட்டுக்குப் போய், ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகிப் பலம் கொண்டமட்டும் இறுக்கியிருக்கிறார். இரண்டு கிழமை கழித்துக் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது அந்தப் போல்ற் நடுவால் முறிந்தது. பிள்ளையின் மணிக்கட்டு எலும்பு உடைந்து, ஒரு தவணைப் பரீட்சை போயிற்று. இறுக்கச் சொன்னவர்கள் நாம். அந்தப் போல்ற்றைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே இந்த மூட்டு எப்படி வேலை செய்கிறதென்று ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினோம்.

மூட்டு எப்படி அமைந்திருக்கிறது?

பழைய சைக்கிளில் பின்சில்லைத் தாங்கும் கவை பிறேமுடன் ஒட்டியே இருக்கும். அசையாது. மவுண்டன் பைக்கில் அந்தக் கவை தனியான துண்டு. கதவு பிணைச்சலில் திரும்புவதுபோல அது பிறேமிலுள்ள ஒரு மூட்டில் மேலும் கீழும் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும்போது மேலே பூட்டியிருக்கும் ஸ்பிறிங்கை, அதாவது சொக் அப்சோபரை, அமுக்குகிறது. பள்ளத்தில் விழும் அடியை ஸ்பிறிங் வாங்கிக் கொள்கிறது.

எமது பகுதியில் ஓடும் மலிவான சைக்கிள்களில் பெரும்பாலும் இத்தகைய மூட்டு ஒன்றே உண்டு. அதற்குள் நான்கு பொருட்கள் இருக்கின்றன. கவையின் முனையில் குறுக்காக ஒரு குழாய். அந்தக் குழாயின் இரு வாயிலும் தொப்பிபோல விளிம்புள்ள இரண்டு பிளாஸ்ரிக் புஸ்கள். அந்தப் புஸ்களுக்கூடாகச் செல்லும் ஒரு இரும்பு உட்குழல். உட்குழலுக்கூடாகச் சென்று பிறேமின் இரு காதுகளையும் பிடிக்கும் நீண்ட போல்ற்.

இங்கே ஒரு நுட்பத்தை விளங்கிக் கொள்ள வேண்டும். நல்ல மூட்டில் உட்குழலின் நீளம், குழாயினதும் இரு புஸ் விளிம்புகளினதும் மொத்த அகலத்தைவிட மயிரிழை அளவு கூடுதலாக இருக்கும். ஏறத்தாழ 0.1 அல்லது 0.2 மில்லிமீற்றர். ஆகவே போல்ற்றை இறுக்கும்போது பிறேமின் காதுகள் உட்குழலையே நெருக்குகின்றன. புஸ்ஸை நெருக்குவதில்லை. போல்ற்றும் உட்குழலும் பிறேமும் ஒரே துண்டாகி அசையாமல் நிற்க, புஸ்கள் மட்டும் கவையோடு சேர்ந்து உட்குழலின்மேல் திரும்புகின்றன.

தேய்வது எது? புஸ்தான். புஸ்ஸின் உட்துளை தேய்ந்தால் கவை சரிந்து ஆடும். விளிம்பு தேய்ந்தால் பக்கவாட்டில் இடைவெளி விழும். இந்த நிலையில் போல்ற்றை எவ்வளவு இறுக்கினாலும் அந்த விசை முழுவதும் உட்குழலுக்கே போகிறது. ஆட்டம் ஒரு இம்மியும் குறையாது. குறையவில்லையே என்று மேலும் இறுக்கினால் போல்ற் இழுபட்டு அதன் புரி பலவீனமாகிறது. பின்னர் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆடும் கவை அதனை வளைத்து வளைத்து அடிக்கிறது. குளக்கட்டில் நடந்தது அதுதான்.

வேறு சிலர் ஸ்பிறிங் பழுதென்று எண்ணிப் புதிய சொக் வாங்கிப் பூட்டுகிறார்கள். இந்தச் சைக்கிளில் விலை கூடிய பாகங்களுள் சொக்கும் ஒன்று. அதை மாற்றிய பின்னும் சில்லு ஆடும்போது சைக்கிளையே விற்றுவிடுகிறார்கள். பெருவிரல் அளவான இரண்டு பிளாஸ்ரிக் துண்டுகளுக்காக இப்படி நடக்கிறது.

எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடித்தல்

கழற்றுவதற்கு முன்னர் ஆட்டம் எங்கிருந்து வருகிறதென்று நிச்சயப்படுத்துங்கள். ஒருவர் ஆசனத்தையும் பிறேமையும் இறுகப் பிடிக்கட்டும். மற்றவர் பின்சில்லின் மேற்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாகத் தள்ளட்டும். சில்லு ஆட, கவை அசையாமல் நின்றால் பழுது சில்லின் நடு அச்சிலுள்ள கோன்களிலோ அச்சு நட்டிலோ இருக்கிறது. அதற்கு இந்தப் பாடம் தேவையில்லை. சில்லும் கவையும் ஒன்றாக ஆடினால் பழுது மூட்டில். கவையும் பிறேமும் சந்திக்கும் இடத்தில் விரல் நுனியைக் குறுக்காக வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

அடுத்ததாக ஆசனத்தைப் பிடித்துச் சைக்கிளின் பின்பகுதியைச் சற்றுத் தூக்குங்கள். சில்லு நிலத்தை விட்டு எழுமுன் “டக்” என்று ஒரு சத்தம் கேட்டால், சொக்கின் மேல் அல்லது கீழ்க் கண்ணிலுள்ள சிறு புஸ் தேய்ந்திருக்கலாம். அங்கும் விரலை வைத்துப் பார்க்கவும்.

இதே வேளையில் கவையின் ஒட்டுக்களையும் ஒரு துணியால் துடைத்துப் பார்க்கவும். பூச்சில் மயிர் போன்ற கோடும், அதன் வழியே துரு நிறமும் தெரிந்தால் அது வெடிப்பு. வெடித்த கவைக்குப் புதிய புஸ் போட்டுப் பயனில்லை. இரும்பென்றால் நல்ல ஒட்டுவேலைகாரரிடம் கொடுக்கலாம். காந்தம் ஒட்டாத அலுமினியம் என்றால் சாதாரண ஒட்டுப் பட்டறையில் கொடுக்க வேண்டாம். அந்தச் சைக்கிளை ஓடாமல் நிறுத்துவதே நல்லது.

கழற்றுதல்

சைக்கிளைக் கவிழ்த்து வைக்காமல், பிறேமைக் கயிற்றால் ஒரு மரக்கிளையிலோ கொட்டில் வளையிலோ கட்டித் தொங்கவிட்டு வேலை செய்வது இலகு. பின்சில்லைக் கழற்றவும். பிரேக் வயரையும் கியர் வயரையும் கவையிலிருந்து விடுவிக்கவும். சில சைக்கிள்களில் செயின் கவைக்கு ஊடாக ஓடும். அப்படியானால் செயினையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

சொக்கிலுள்ள ஸ்பிறிங்கின் ஒரு முனையில் திருகக்கூடிய வளையம் இருக்கும். அதைத் திருகி ஸ்பிறிங்கைத் தளர்த்திய பின்னரே சொக்கின் போல்ற்றுகளைக் கழற்றவும். சொக்கை முழுதாக எடுத்துப் புறம்பாக வையுங்கள். அதைப் பிரித்துப் பார்க்க எவரையும் விடவேண்டாம். காற்றுச் சொக்காக இருந்தால் வால்வை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டே போல்ற்றில் கைவைக்க வேண்டும்.

இப்பொழுது கவையைக் கையால் தூக்கிவிட்டுப் பாருங்கள். தன் பாரத்திலேயே வழுக்கிக் கீழே வரவேண்டும். கரகரவென்று வந்தாலும், இடையில் நின்றாலும் உள்ளே மண் புகுந்திருக்கிறது.

மூட்டுப் போல்ற் துருப்பிடித்து வராமலிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் நட்டைப் போல்ற்றின் முனையோடு சமமாக வரும்வரை திருகி வைத்து, அதன்மேல் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டவும். நட் இல்லாமல் நேரே சுத்தியலால் அடித்தால் முனை விரிந்து, பின்னர் அது குழலுக்குள்ளால் வரவே வராது.

போல்ற் வந்ததும் உட்குழலும் வந்துவிடும். புஸ்ஸை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டினால் வெளியே விழும். விழ மறுத்தால் வாள் அலகை உள்ளே விட்டு, புஸ்ஸில் நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டவும். குழாயின் உட்சுவரில் வாள் படக்கூடாது. எல்லா இரும்புத் துண்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வையுங்கள்.

புதிய புஸ்

கடையில் அதே அளவான புஸ் கிடைத்தால் நல்லது. பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் நகரத்து லேத் பட்டறையில் இதனைக் கடைந்து எடுக்கலாம். உழவு இயந்திரத்துக்கும் நீர்ப்பம்பிக்கும் புஸ் கடைகிற ஒருவருக்கு இது சிறு வேலை. பட்டறைக்குப் போகும்போது பழைய புஸ்ஸை மட்டும் கொண்டுபோக வேண்டாம். தேய்ந்த புஸ்ஸை அளந்தால் தேய்ந்த அளவே கிடைக்கும். கவையையும் உட்குழலையும் போல்ற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் அந்தக் குழாயின் துளையை வைத்தே அளக்க வேண்டும்.

புஸ்ஸின் வெளிவிட்டம் குழாயின் துளையைவிட 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் கூடுதலாக இருந்தால் அது இறுகி நிற்கும். உட்துளை உட்குழலைவிட ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். புஸ்ஸை அழுத்தி ஏற்றியதும் அதன் துளை சற்றுச் சுருங்கும் என்பதையும் பட்டறைக்காரரிடம் நினைவூட்டவும்.

எதனால் கடைவது? நைலோன் கம்பி இலகுவில் கிடைக்கும். எண்ணெய் இல்லாமலே வழுக்கும். ஆனால் நைலோன் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும் பொருள். மாரியில் மூட்டு இறுகிப்போய், கோடையில் திரும்பவும் இளகியதை நாம் கண்டிருக்கிறோம். டெல்ரின் என்று விற்கப்படும் வெள்ளை அல்லது கறுப்புக் கம்பி மிகக் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். கிடைத்தால் அதையே எடுங்கள். வெண்கலப் புஸ் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதற்குக் கிறீஸ் வேண்டும். கிறீஸில் கிரவல் தூசு ஒட்டினால் அது உட்குழலையே அராவிவிடும். மாதமொருமுறை கழற்றித் துடைக்கக்கூடிய பொறுமை உள்ளவருக்கே வெண்கலம். தண்ணீர்க் குழாயை வெட்டிச் செருகுவதையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிளாஸ்ரிக் அடி தாங்காது. வெடித்துத் துண்டு துண்டாக வெளியே வரும்.

உட்குழலையும் பாருங்கள். நகத்தால் சுரண்டும்போது படி தட்டுப்பட்டால் அதுவும் தேய்ந்துவிட்டது. புதிய புஸ்ஸுக்குள் தேய்ந்த குழலைப் போடுவது, புதுக் கோட்டில் பழைய கிழிசலைத் தைப்பது போன்றது. அதே பட்டறையில் குழலையும் செய்விக்கவும். நீளத்தில் அந்த 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் கூடுதல் இருக்கவேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்வரை ஓடியே ஆகவேண்டிய நிலை ஏற்பட்டால், மென்பானம் வரும் அலுமினிய ரின்னின் பக்கத் தகட்டை வெட்டி, வாஷர் போலச் செய்து விளிம்புக்கும் பிறேமின் காதுக்கும் இடையே வைக்கலாம். அந்தத் தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. பக்கவாட்டு இடைவெளியை மட்டுமே இது மூடும். சில நாட்களுக்கு மட்டும்.

அழுத்திப் பூட்டுதல்

புஸ்ஸைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். சரிந்து ஏறினால் விளிம்பு உடையும். புரி வெட்டிய நீண்ட கம்பி ஒன்று, இரண்டு நட், இரண்டு தடித்த பெரிய வாஷர் போதும். கம்பியைக் குழாய்க்கூடாக விட்டு, இரு பக்கமும் புஸ்ஸை வைத்து, அதன்மேல் வாஷரும் நட்டும் போட்டு மெதுவாகத் திருகினால் இரண்டு புஸ்ஸும் நேராக ஏறும். இதற்கு வைஸ் கூடத் தேவையில்லை. ஏற்றியபின் உட்குழலைக் கையால் தள்ளிப் பாருங்கள். விரல் பலத்துக்கு வழுக்கிப் போகவேண்டும். இறுகினால் நுண்ணிய எமெரித்தாளை ஒரு தடியில் சுற்றித் துளையைச் சிறிது தேய்க்கவும். அதிகம் தேய்த்தால் திரும்பவும் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

பேரிங் உள்ள சைக்கிள்கள்

விலை கூடிய மவுண்டன் பைக்குகளில் பிளாஸ்ரிக்குக்குப் பதிலாகச் சிறு போல் பேரிங்குகள் இருக்கும். ஒரு மூட்டுக்குப் பதிலாக நான்கைந்து மூட்டுக்களும், அவற்றை இணைக்கும் சிறு இணைப்புத் துண்டுகளும் இருக்கும். உல்லாசப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் இடங்களில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர். 6900 என்றால் 10, 22, 6. 6902 என்றால் 15, 28, 7. இந்த எண்கள் உலகெங்கும் ஒன்றே. ஆகவே சைக்கிள் கடையில் இல்லாதது மோட்டர், பம்பி திருத்தும் கடையில் கிடைக்கக்கூடும். இரு பக்கமும் றபர் மூடியுள்ளதையே வாங்கவும்.

சில்லிலுள்ள பேரிங் முழுவட்டமாகச் சுழல்கிறது. மூட்டிலுள்ளது சில பாகை மட்டுமே அங்குமிங்கும் அசைகிறது. ஒரே குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அடிவாங்குவதால் அவ்விடத்தில் குழி விழுகிறது. கிறீஸும் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுகிறது. அதனால்தான் வெளியே புதிதுபோல இருக்கும் பேரிங் கையில் சுற்றும்போது தடக்கித் தடக்கி நிற்கும்.

அலுமினியத்துள் இறுகிய பேரிங்கைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றினால், அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். புதியதை ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தவும். உள்வளையத்தில் அழுத்தினால் ஓடுமுன்னரே குண்டுகள் குழி விழுத்திவிடும். எல்லா மூட்டையும் ஒரே தடவையில் கழற்றிக் குவிக்காமல், ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்குங்கள். வாஷர்கள் எந்த ஒழுங்கில் இருந்தனவோ அதே ஒழுங்கில் ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள்.

போல்ற்

இதில் காசு மிச்சம்பிடிக்க வேண்டாம். தலையில் 8.8 என்று பொறித்த போல்ற்றை வாங்கவும். எண்ணில்லாத மென்மையான போல்ற்றும், புரி வெட்டிய கம்பித் துண்டும் இந்த இடத்துக்கு ஆகாது. புரியில்லாத வழுவழுப்பான தண்டுப் பகுதி உட்குழலின் முழு நீளத்துக்கும் இருக்கவேண்டும். புரி குழலுக்குள்ளே வந்தால், முறிவு அந்தப் புரியின் பள்ளத்திலிருந்தே தொடங்கும். நாம் கையில் எடுத்துப் பார்த்த போல்ற்றும் அப்படித்தான் இருந்தது. முன்னர் யாரோ கைக்குக் கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள்.

உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டைப் பாவிக்கவும். ஒருமுறை கழற்றியதும் அதை மாற்றவும். பிறேமில் நேரே புரி வெட்டியிருந்தால் புரியை இறுக்கும் பசை ஒரு துளி விடலாம். கிடைக்காவிட்டால் எனமல் பெயின்ற் ஒரு துளியும் ஓரளவு உதவும். ஒரு சாதாரண ஸ்பானரின் நீளத்துக்கு ஒரு கையால் உறுதியாக இறுக்கினால் போதுமானது. குழாய் செருகி நீட்ட வேண்டாம். இறுக்கியபின் சொக்கைப் பூட்டுமுன் கவையைத் திரும்பவும் தூக்கிவிட்டுப் பாருங்கள். வழுக்கிக் கீழே வந்தால் வேலை சரி. பிடித்துக்கொண்டு நின்றால் உட்குழல் நீளம் குறைவு என்று அர்த்தம். அதற்காகப் போல்ற்றை இளக்கிவிட்டு ஓடவேண்டாம். குழலை மாற்றுங்கள்.

பாரம் ஏற்றுதல்

20 லீற்றர் தண்ணீர்க் கலன் 20 கிலோ. அதைப் பின்சில்லுக்கும் பின்னால் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால், அந்தப் பாரம் முழுவதும் இந்தச் சிறு மூட்டை முறுக்குகிறது. பிறேமில் ஒரு காலும் கவையில் ஒரு காலுமாகக் கரியர் பூட்டியவர்களும் உண்டு. கவை அசையும்போது கரியர் ஒன்றில் வளையும், அல்லது கவையின் அசைவைத் தடுத்து ஒட்டுக்களை உடைக்கும். எமது அபிப்பிராயத்தில், நெல்லும் விறகும் தண்ணீரும் கொண்டுபோவதற்கு அப்பப்பாவின் சைக்கிளுக்கு இணையில்லை. மவுண்டன் பைக் ஒருவர் ஏறி ஓடுவதற்கு மட்டும்.

அது பிறந்த கதையும் அதுதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்ற மலைப்பகுதியில், இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் வேகமாக இறங்கி விளையாடினார்கள். 1976இல் அங்கே தொடங்கிய ஒரு போட்டிக்கு ‘ரீபாக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கியதும் பின்சில்லுப் பிரேக்கிலிருந்த கிறீஸ் முழுவதும் எரிந்துபோக, புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. கழற்றிப் பூட்டுவது இந்தச் சைக்கிளுக்குத் தொடக்கத்திலிருந்தே உள்ள வேலை.

பூட்டி முடித்ததும் பிரேக்கைச் சரிபார்த்து, வீட்டு முற்றத்தில் சிறிது ஓடிப் பாருங்கள். பள்ளமான இடத்தில் ஆசனத்தில் அழுத்தி இருந்து சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கவும். ஒரு கிழமை கழித்து நட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கவும். சைக்கிளை வாய்க்காலில் இறக்கிக் கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி, வாளித் தண்ணீரும் துணியும் பாவிக்கவும். ஓடும் பாதையைப் பொறுத்து புஸ் ஒரு வருடமோ இரண்டு வருடமோ உழைக்கலாம். எனவே பட்டறையில் இரண்டுக்குப் பதிலாக நான்கு கடைவித்து, மற்ற இரண்டையும் அளவுகள் எழுதிய கடதாசியோடு ஒரு ரின்னில் போட்டு வையுங்கள்.